ஓட்டாத மணி நேரம்

அம்மிணி,

நாலு நாளைக்கு முன்னால் போனில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "இந்தக் காலேஜ்லயே இருந்து முடிக்கட்டுங்களா, இல்ல வேற எடத்துக்கு மாறிக்கட்டுங்களா, நீங்களே சொல்லுங்கப்பா" என்றாய். நான் "சாப்ட்டியா கண்ணு" என்று கேட்டுவிட்டுப் போனை உங்கம்மா கையில் கொடுத்துவிட்டேன். அதற்கப்புறம் நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. விமானம் ஓட்டப் படிக்கிற பிள்ளை, அறுபத்தெட்டு வயசாகியும் எழுதப் படிக்கத் தெரியாத அப்பனிடம் வழி கேட்கிறாள். கேட்டதே எனக்குப் பெருமைதான். ஆனால் பதில் சொல்வதற்கு முன்னால் ரெண்டு மூன்று விஷயத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. போனில் சொன்னால் நடுவிலேயே "சரிங்கப்பா, சரிங்கப்பா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். நான் சொல்லச் சொல்ல உங்கம்மா எழுதுகிறாள். எட்டாவது படித்தவள் என்கிற மிதப்பு அவளுக்கு இன்றைக்கும் உண்டு. "மெதுவாச் சொல்லுங்க, என்ற கை என்ன ஓவர்லாக் தையல் மெசினா" என்கிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேள். விஷயத்தில் பிழை இருந்தால் என்னைக் கேள்.

நீ முதல் தடவை இந்தப் பேச்சை எடுத்தது போன ஆடி மாசம். நாலு விமானத்தில் ஒன்றுதான் ஓடுகிறது, வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைத்தாலே பெரிசு, உனக்கு முன்னால் படித்தவர்கள் படிப்பு முடிந்தும் லைசென்சுக்கு வேண்டிய இருநூறு மணி நேரம் சேராமல் ஹாஸ்டலிலேயே கிடக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னாய். நான் முழுசாகக் காது கொடுக்கவில்லை. "பல்லக் கடிச்சுட்டு இரு அம்மிணி. உங்கப்பன் ஒரே கம்பெனில முப்பத்தோரு வருசம் மெக்கானிக்கா இருந்தவன். எத்தன பேரு கூப்ட்டாங்க, போனனா?" என்றேன். நீ அப்படியே அடங்கிவிட்டாய். அந்த முப்பத்தோரு வருஷத்தை நான் கல்யாண வீட்டிலும் டீக்கடையிலும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. விசுவாசம் என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அது விசுவாசம் இல்லை அம்மிணி. அருள்புரத்தில் இன்னொரு பெரிய பனியன் கம்பெனியில் என்னைக் கூப்பிட்டார்கள். நல்ல வேலை, எனக்குக் கீழே நாலு மெக்கானிக்குகள். மங்கலம் ரோட்டிலிருந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாசலில் உட்கார்ந்திருந்த பெண் ஒரு ஃபாரத்தை நீட்டி, "இத ஃபில் பண்ணிக் குடுத்துருங்கண்ணா" என்றாள். பேனாவும் கொடுத்தாள். நான் அந்தப் பேனாவைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "கண்ணாடி எடுத்துட்டு வரலீங்க, நாளைக்கு வர்றனுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அன்றைக்கு என் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. கண்ணாடியே கிடையாது. எண் படிப்பேன், எழுத்து மட்டும்தான் தெரியாது. யாரிடமாவது எழுதித் தரச் சொல்லியிருக்கலாம். நாலு பேருக்கு மேலே உட்காரப் போகிறவன் ஃபாரம் எழுதித் தரச் சொல்லிக் கேட்பதா என்று வெட்கம். வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம், "மொதலாளிய உட்டுட்டுப் போக மனசு வல்ல" என்றேன். அவளும் நம்பி அதை ஊரெல்லாம் சொன்னாள். ஆடி மாசம் உனக்குப் புத்தி சொன்னது ஒரு ஃபாரத்துக்குப் பயந்து ஓடி வந்த ஆள். அதை நீ இப்போது தெரிந்துகொள்.

நீ அப்படிப்பட்ட ஆளின் பிள்ளை மாதிரி என்றைக்குமே நடந்ததில்லை. நீ பன்னிரண்டாவது முடித்த வருஷம் குன்னத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனோமே, பந்தியில் எதிர் வரிசையில் உன் பெரிய மாமா. "அம்மிணி, அடுத்தது என்ன படிக்கப் போற?" என்றார். "விமானம் ஓட்டப் படிக்கப் போறனுங்க மாமா" என்றாய். "அட சாமி! மொதல்ல உங்கப்பன் மொபெட்ட ஒழுங்கா ஓட்டு. போன வாரம் கொண்டு போயி வேலில உட்டியாமா?" என்றார். பந்தியே சிரித்தது. நான் தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். நீ கொஞ்சமும் கோபப்படாமல், "வேலி குறுக்க வந்துருச்சுங்க மாமா. மேல வேலி இல்லீங்களே" என்றாய். முன்னால் சிரித்ததை விட இப்போது இன்னும் பலமாகச் சிரித்தார்கள், அவரைப் பார்த்து. அன்றைக்கு நான் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை, எனக்குப் பேச வராத இடத்திலெல்லாம் பேசுகிறாளே என்று இருந்தது.

போன வருஷம் நானும் உங்கம்மாவும் ஒன்றரை நாள் ரயிலில் உட்கார்ந்து உன் காலேஜுக்கு வந்தோம். வந்த மூன்றாம் நாள் காலையில்தான் உன்னைத் தனியாக மேலே அனுப்பினார்கள். எங்களுக்கு அது தெரியாது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, யாரோ ஓட்டுகிறார்கள் என்று வேடிக்கை பார்த்தோம். அது ஒரு சுற்றுச் சுற்றி, பஞ்சு விழுகிற மாதிரி இறங்கியது. கதவைத் திறந்துகொண்டு நீ இறங்குகிறாய். பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. உங்கம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து நாலைந்து பையன்கள் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து உன் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். "டேய்! டேய்! எதுக்குடா என்ற புள்ள மேல தண்ணி ஊத்தறீங்க?" என்று நான் வேலியைத் தாண்டப் போய்விட்டேன். வாட்ச்மேன் என் இடுப்பைப் பிடித்து இழுக்கிறான். நீ சொட்டச் சொட்ட நனைந்துகொண்டு கையை ஆட்டுகிறாய்: "அப்பா, அப்பா, சண்டைக்குப் போயிராதீங்க! மொதத் தடவ தனியா ஓட்டிட்டு வந்தா இப்படித்தான் ஊத்துவாங்க, இது பழக்கமுங்கப்பா!" உங்கம்மாவுக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. "பழக்கம் கெடக்குது, மொதல்ல துணிய மாத்து, சளி புடிச்சுக்கும்" என்றாள். அந்தப் பையன்கள் எனக்கும் மிட்டாய் கொடுத்தார்கள். அதை நான் தின்னவில்லை, கொண்டு வந்து உன் பெரிய மாமாவுக்குக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார். வேலி இல்லாத இடத்தில் அம்மிணி ஓட்டிவிட்டாள் என்றேன்.

அன்றைக்கே நடந்த இன்னொன்றை உன்னிடம் சொல்லவில்லை. நீ துணி மாற்றிக்கொண்டு வருவதற்குள் நான் விமானம் நிறுத்துகிற ஷெட்டுப் பக்கம் போனேன். நம் கம்பெனியில் வடக்கத்திப் பையன்களோடு பழகிக் கொஞ்சம் இந்தி வரும் அல்லவா, அங்கே இருந்த மெக்கானிக்கிடம் பேச்சுக் கொடுத்தேன். மூன்று விமானம் தார்ப்பாய் போட்டு நிற்கிறது. ஒன்றில் இன்ஜின் மூடி திறந்து கிடக்கிறது, உள்ளே பாதி சாமான் இல்லை. "இதுல இருந்த சாமானெல்லாம் எங்க பையா?" என்று கேட்டேன். ஓடுகிற விமானத்தைக் கையைக் காட்டி, "அதுல இருக்கு சாச்சா. புதுசு வர்ற வரைக்கும் இப்படித்தான்" என்றான். ஒரு மெசினில் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது நான் வாழ்நாளெல்லாம் செய்த வேலை. தையல் மெசின் நின்றால் டெய்லர் எழுந்து டீ குடிக்கப் போவாள், அவ்வளவுதான். நீ இருக்கிற இடம் அது இல்லை. முறைப்படி எழுதி வைத்துத்தான் மாற்றினார்களோ என்னமோ, எனக்கு அந்த விவரம் போதாது. ஆனால் அந்தப் பையன் முகத்தில் ஒரு சலிப்பு இருந்தது. அது எனக்குத் தெரிந்த சலிப்பு. நல்ல நாளும் அதுவுமாக எதற்கு என்று வாயை மூடிக்கொண்டு வந்துவிட்டேன். ஆடி மாசம் நீ பேசியபோதாவது சொல்லியிருக்க வேண்டும். அப்போதும் சொல்லவில்லை.

இப்போது நடந்ததை உங்கம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவள் வயிற்றில் எதுவும் தங்காது. (இதை எழுத மாட்டேன் என்றாள், எழுதச் சொல்லி எழுதியிருக்கிறாள்.) ஒருத்தர் ஓட்டும்போது பின் சீட்டில் உட்கார்ந்து வருகிறவர்களும் அந்த நேரத்தைத் தாங்கள் ஓட்டியதாக அவரவர் லாக்புக்கில் எழுதிக்கொள்ளலாம், கையெழுத்துப் போட்டுத் தருகிறோம் என்று காலேஜிலேயே சொல்லிக்கொடுத்தார்களாம். விமானம் ஒன்று, பிள்ளைகள் பதினொரு பேர், எல்லோருக்கும் சீக்கிரம் இருநூறு மணி நேரம் சேர வேண்டும், அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி. பத்துப் பேர் எழுதிக்கொண்டார்கள். நீ, "நான் ஓட்டலீங்க சார், உக்காந்துதான் வந்தேன்" என்றாயாம். "எல்லாரும் எழுதறாங்க, உனக்கு மட்டும் என்ன?" என்று கேட்டதற்கு, "அவங்க ஓட்டியிருப்பாங்களா இருக்கும் சார்" என்றாயாம். அதைக் கேட்டதும் நான் தனியாகச் சிரித்தேன், குன்னத்தூர்ப் பந்தி ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் ஓட்டுகிறவர்கள் பட்டியலில் உன் பெயர் கடைசிக்குப் போய்விட்டது, மூன்று வாரமாக ஒரு முறைகூட உன்னை மேலே அனுப்பவில்லை என்பதைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது.

உன் தலையில் தண்ணீர் ஊற்றிய அன்றைக்கு இருந்ததை விட இன்றைக்கு எனக்குப் பெருமை அதிகம். ஏன் என்று சொல்கிறேன். இது உங்கம்மாவுக்கும் தெரியாத கதை. தையல் லைனில் ஒரு ஊசி உடைந்தால், உடைந்த துண்டு எல்லாவற்றையும் கொண்டு வந்து மெக்கானிக்கிடம் கொடுத்தால்தான் புது ஊசி கிடைக்கும். துண்டுகளைப் பொருத்திப் பார்த்து, முழு ஊசி இருக்கிறதா என்று பார்த்து, நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். ஒரு நுனி குறைந்தாலும் அந்த டெய்லர் தைத்த துணிக்கட்டு முழுவதையும் ஒதுக்கிவைத்து, காந்தத்தை வைத்துத் தேட வேண்டும். கிடைக்கும் வரைக்கும் ஒரு சட்டையும் வெளியே போகக் கூடாது. நான்தான் அந்த நோட்டுக்குப் பொறுப்பு. எழுத்து தெரியாதவனுக்கு ஏற்ற நோட்டு அது ஒன்றுதான், ஊசியைப் பார்த்தால் போதும். நீ பிறப்பதற்கு முந்தின வருஷம், தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும். கைக்குழந்தைகள் போடுகிற சட்டை ஓடிக்கொண்டிருந்தது. மத்தியானம் டீ முடிந்து வந்து உட்கார்ந்ததும் செல்வி என்கிற டெய்லருக்கு ஊசி உடைந்தது. தெற்கத்திப் பெண், திருநெல்வேலிப் பக்கம். "அண்ணாச்சி, நுனி காங்கல" என்று வந்து நின்றாள். கடுகில் பாதி இருக்கும் அது. ரெண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். காந்தத்தில் தூசிதான் ஒட்டியது. லாரி வாசலில் நிற்கிறது, சூப்பர்வைசர் கத்துகிறார். அப்போதெல்லாம் சட்டைக்குள் ஊசி இருந்தால் கண்டுபிடிக்கிற மெசின் எங்கள் கம்பெனியில் இல்லை. நான் என் பழைய டப்பாவைத் திறந்து, வேறு எப்போதோ உடைந்த ஒரு நுனியை எடுத்துப் பொருத்தமாக ஒட்டிவிட்டு, "கெடச்சிருச்சு" என்று சத்தமாகச் சொன்னேன். செல்வி மட்டும் பார்த்துவிட்டாள். "வேண்டாம் அண்ணாச்சி. பச்சப் புள்ளைய போடுத சட்டை" என்றாள், என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "போயி வேலையப் பாரு" என்றேன். அந்தக் கட்டு அன்றைக்கே லாரி ஏறியது.

அந்த நுனி தரையில் கிடந்து குப்பையோடு போனதோ, சட்டைக்குள் போனதோ, எனக்குத் தெரியாது. இன்றைக்கு வரைக்கும் தெரியாது. அடுத்த வருஷம் நீ பிறந்தாய். உனக்கு வந்த சட்டையெல்லாம் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துத் தையல் தையலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் போடவிட்டேன். "மெக்கானிக் புத்தி" என்று உங்கம்மா சிரிப்பாள். இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். "இத்தன வருசமா எங்கிட்டச் சொல்லலியேங்க" என்கிறாள். சொல்லியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய் என்றேன். "உங்களக் கூட்டீட்டுப் போயி மொதலாளிகிட்டச் சொல்ல வெச்சிருப்பேன்" என்கிறாள். செய்திருப்பாள். உனக்கு இந்தக் குணம் எங்கே இருந்து வந்தது என்று நான் இத்தனை நாள் தேடிக்கொண்டிருந்தேன், பக்கத்திலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாள்.

செல்வி அந்தச் சனிக்கிழமையே நின்றுவிட்டாள். தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது திருப்பூரில் யாரும் கம்பெனி மாற மாட்டார்கள், போனஸ் போய்விடும். "ஏன் அம்மிணி, தீவாளி கழிச்சுப் போனா ஆகாதா?" என்று கேட்டேன். "ஒங்க மேல கோவம் இல்ல அண்ணாச்சி. ஆனா இனி இங்க தைக்கக் கை ஓடாது" என்றாள். பல்லடம் ரோட்டில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டாள். பிழைக்கத் தெரியாதவள் என்று அன்றைக்கு நான் நாலு பேரிடம் சொன்னேன். அவள் போனதைத்தான் அப்படிச் சொன்னேன். நான் இருந்ததைப் பற்றி எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நீ இருப்பதற்கும் உங்கம்மாவிடம் காரணம் சொன்னாயாம், அவை ஒன்றும் சின்னக் காரணம் இல்லை. இன்னும் ஒரு வருஷம்தான், சிநேகிதப் பிள்ளைகள் எல்லாம் அங்கே, நீ நினைத்திருக்கிற அந்த இன்னொரு காலேஜுக்குப் போனால் ஓட்டிய மணி நேரத்தை ஒத்துக்கொள்வார்கள், ஆனால் டிகிரியில் ஒரு வருஷம் திரும்பப் படிக்க வேண்டும், புது ஆசிரியர் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்து அரிச்சுவடியிலிருந்து பரீட்சை வைப்பார். கூடப் படித்தவர்கள் எல்லாம் வேலைக்குப் போன பிறகு நீ இன்னும் படித்துக்கொண்டிருப்பாய். பாதியில் ஓடி வந்தவள் என்று இங்கேயும் பேசுவார்கள். அதெல்லாம் நடக்கும், நடக்காது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். இங்கேயே இருந்து, எழுதச் சொல்வதை எழுதாமல், என் முறை வரும்போது மட்டும் ஓட்டுகிறேனே என்றும் சொன்னாயாம். உன்னால் முடியும். ஆனால் முறையே வராது அம்மிணி. நாள் ஆக ஆக, எல்லோரும் முடித்துவிட்டுப் போகிற அன்றைக்கு, ஒரே ஒரு கையெழுத்துதானே என்று உனக்கே ஒரு மத்தியானம் தோன்றும். எனக்குத் தோன்றியதும் அப்படி ஒரு மத்தியானம்தான். அதற்கு முந்தின நாள் வரைக்கும் நானும் நல்ல மெக்கானிக்தான்.

அதனால் என் வார்த்தை, மாறிக்கொள் கண்ணு. ஆடி மாசம் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். யாராவது கேட்டால், எங்கப்பா மாறச் சொன்னார் என்று சொல். உன் பெரிய மாமாவை நான் பார்த்துக்கொள்கிறேன். பணத்துக்கு வழி பண்ணியாகிவிட்டது, அதைக் கேட்டு எனக்குப் போன் பண்ணாதே. கிளம்புவதற்கு முன்னால், உனக்கு இறங்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியர் ஒருத்தர் இருக்கிறார் அல்லவா, அவர் காலைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வா. அந்தக் காலேஜில் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, போகிற இடத்தில் இந்த இடத்தைப் பற்றிக் குறை பேசாதே. புது இடத்தில் கண்ணாடி மாட்டிய ஆபீசையும் வரவேற்பு அறையையும் பார்த்து மயங்காதே. நேராக மெக்கானிக்குகள் டீ குடிக்கிற இடத்துக்குப் போய் அவர்கள் கையைப் பார். கிரீஸ் இருந்தால் அங்கே விமானம் ஓடுகிறது என்று அர்த்தம். ஏதாவது கழன்று கிடந்தால், அது எங்கே போயிற்று என்று வாய்விட்டுக் கேள். உங்கப்பன் மாதிரி மிட்டாயை வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிடாதே. தெரியாத ஃபாரத்தை நீட்டினால், தெரியவில்லை என்று சொல்லிவிடு. அதைச் சொல்ல எனக்கு ஒரு ஆயுசு பிடித்தது.

இதெல்லாம் நான் சொல்வது. ஓட்டுகிறவள் நீ, முடிவும் உன்னுடையது. யோசித்துவிட்டு, இருக்கிறேன் என்று நீ சொன்னாலும் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு நானும் உங்கம்மாவும் டிக்கெட் போட்டிருக்கிறோம். நீ இருப்பதானால் அவள் போட்ட எலுமிச்சை ஊறுகாயைக் கொடுத்துவிட்டு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவோம். வருவதானால் துணிமணி, புத்தகமெல்லாம் பொட்டியில் கட்டி வை, நான் தூக்கிக்கொள்கிறேன். லாக்புக்கை மட்டும் பொட்டிக்குள் வைக்காதே, கையில் வைத்துக்கொள். கூடப் படிக்கிறவர்கள் புத்தகத்தில் நூற்றைம்பது, நூற்றறுபது இருக்கலாம். உன்னுடையதில் நூற்றுப் பதினொன்று. ரயிலில் அதைக் கொஞ்ச நேரம் என் மடியில் வைத்துக்கொள்ளக் கொடு. எழுத்து தெரியாவிட்டாலும் எண் எனக்குப் படிக்க வரும். ஒவ்வொரு வரியும் நீ ஓட்டியது.

அப்பா